நம் மொழி ஜெபக்கூட்டமா, இந்த நாட்டுச் சபையா? புதிதாக வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, நம் மொழிக்காரர்கள் ஒரு வீட்டில் கூடும் ஜெபக்கூட்டம்தான் உங்களுக்கு ஒரே ஆறுதல் என்று எழுதியிருந்தீர்கள். இந்த நாட்டுச் சபைக்கும் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். புதிதாக வந்திருக்கும் அகதிக் குடும்பங்களிடம் சுவிசேஷம் சொல்லக் கூட்டத்தார் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று பயமாக இருக்கிறது என்றும் சொல்லியிருந்தீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டுக்கும் போங்கள். துக்கத்தில் ஜெபம் தாய்மொழியில்தான் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கு அவர்கள் மொழி தெரிந்த குருக்களே வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1952-லேயே, போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) காலத்தில், தனி ஆணையாகவே எழுதி வைத்தது. ஆனால் நம் மொழிக் கூட்டத்தோடு மட்டும் நின்றுவிட்டால், பத்து வருஷம் கழித்தும் இந்த நாட்டில் நமக்குத் தெரிந்தவர்கள் அதே பத்துக் குடும்பங்களாகத்தான் இருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து, பாட்டின் அர்த்தம் புரியாமல் மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காரும்போதுதான் பெற்றோருக்கு அது உறைக்கும்.

இந்த நாட்டுச் சபையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. பொறுப்பேற்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஆகவே வருஷத்துக்கு ஒரு நாள் நம் உடையில் மேடையேற்றிப் பாட வைப்பதை வைத்து ஒரு சபையை எடைபோடாதீர்கள். அதன் கமிட்டியிலும், காணிக்கைக் கணக்கிலும், வேதபாடம் நடத்துவதிலும் வெளியிலிருந்து வந்த யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஜெபக்கூட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சின்னச் சமூகத்தில் ஜெபக் குறிப்பு ரொம்ப வேகமாக ஊர் சுற்றும். "இந்தச் சகோதரியின் விசாவுக்காக ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பாரத்தோடு போட்டது, பொழுது சாய்வதற்குள் அந்தச் சகோதரியின் வேலையிடம் வரை போய்விடும். நோய், கடன், கணவன் மனைவிச் சண்டை, மறுக்கப்பட்ட அகதி விண்ணப்பம் எல்லாமே அப்படித்தான். பெயரைச் சொல்லாமல் "ஒரு குடும்பத்துக்காக" என்றாலும் இருபது பேர் உள்ள இடத்தில் எந்தக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் உங்கள் பாரத்தை நம்பகமான ஒருவர், இருவரிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்தவருடையதை அவர் அனுமதி இல்லாமல் எங்கேயும் சொல்லாதீர்கள்.

ஒரு பெண் வீட்டில் அடி வாங்குகிறாள் என்று தெரிய வந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். கணவன் விசாவை நம்பி வந்தவளுக்கு, வெளியே வந்தால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். "பொறுத்துக்கொள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பும் கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அது விசுவாசம் இல்லை, அவளைக் கைவிடுவது. அப்படிப்பட்ட பெண்களுக்குத் தனி அனுமதி தரும் சட்டம் பல நாடுகளில் உண்டு. கணவனுக்குத் தெரியாமல் ஒரு வழக்கறிஞரிடமோ பெண்கள் காப்பகத்திடமோ அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதன் பிறகும் விடாமல் ஜெபியுங்கள்.

சரி, இப்போது உங்களுக்குப் பயம் தந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம் 18-ஆவது பிரிவில் மதம் மாறும் உரிமையையும், மதத்தைக் கடைப்பிடித்துப் போதிக்கும் உரிமையையும் சொல்கிறது. ஆனால் எல்லா நாட்டுச் சட்டமும் அப்படி இல்லை. மலேசிய அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற இடம் தருகிறது. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு ஒருவரை மதம் மாற்றுவதையே தடுக்கிறது. விசாவில் இருப்பவருக்கு இது விளையாட்டு இல்லை. கூப்பிடுகிற அண்ணன்மார் அநேகமாகக் குடியுரிமை வாங்கியவர்கள், நீங்கள் அப்படி இல்லை.

சட்டம் அனுமதிக்கிற நாடாக இருந்தாலும் ஒரு கோடு உண்டு. கிரேக்க நாட்டில் வீடு தேடிப்போய்த் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார் கொக்கினாக்கிஸ் என்பவர். அவர் யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்தவர். 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பு, சாட்சி சொல்வது வேறு, முறையற்ற மதமாற்றம் வேறு என்று பிரித்தும் காட்டியது. பொருளுதவி காட்டி ஆள் சேர்ப்பதும், இக்கட்டில் இருப்பவரை நெருக்குவதும் இரண்டாவது வகையில் வரலாம். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1956-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றைத்தான் அதற்கு நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. நம்மவர்களே ஒப்புக்கொண்ட கோடு அது.

அதனால் உதவியையும் அழைப்பையும் பிரித்து வையுங்கள். போர்வை கொடுக்கும் கையில் சுவிசேஷக் கைப்பிரதி இருக்கக் கூடாது. படிவம் நிரப்ப, மருத்துவரிடம் மொழிபெயர்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போங்கள். "எங்கள் கூட்டத்துக்கு வந்தால்" என்ற பேச்சு எந்த உதவிக்கும் பக்கத்தில் வர வேண்டாம். உதவி நின்றுவிடுமோ என்று பயந்து தலையாட்டுபவர் விசுவாசி ஆகவில்லை. நம்மால் இன்னொரு பயத்தைச் சுமக்கிறார், அவ்வளவுதான். பேதுருவின் முதல் நிருபம் அந்நியராகச் சிதறி வாழ்ந்தவர்களுக்கு, நம்மைப் போன்றவர்களுக்கு, எழுதப்பட்டது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறது அது. அவர்கள் கேட்கட்டும். கேட்டால் ஒளிக்காமல், மனதாரச் சொல்லுங்கள்.

அப்புறம், யாராவது ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்படாதீர்கள், சந்தேகித்து விரட்டவும் வேண்டாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மதத்தின் பேரால் வரும் துன்புறுத்தலும் ஒரு காரணமாக இருப்பதால், மதம் மாறியதை வைத்து விண்ணப்பிப்பவர்கள் உண்டு. அதிகாரிகளும் அதைத் துருவிக் கேட்பார்கள். நல்ல போதகர் மாதக்கணக்கில் வேதம் கற்றுக்கொடுத்து, தான் கண்டதை மட்டும் அதிகாரிகளுக்கான கடிதத்தில் எழுதுவார். ஞானஸ்நானப் படத்தை முகநூலில் போடவே கூடாது. அவருடைய தாய்நாட்டில் இருக்கும் தாய் தகப்பனைத் தேடி யாராவது போகலாம்.

இந்த வாரம் அவர்கள் கூப்பிட்டால், கைப்பிரதி இல்லாமல் வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொண்டால் இன்னொரு சகோதரியைச் சேர்த்துக்கொண்டு போங்கள், பெண்கள் இருக்கும் வீட்டுக்கு மட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்தக் குடும்பங்களுக்கு மொழி வகுப்பு நடத்தும் சபை எது என்று விசாரித்து, அங்கே உங்கள் பெயரைக் கொடுங்கள்.