முன்பதிவுத் தள்ளுபடி யாருக்கு லாபம்? இசை விழா டிக்கெட் பற்றிய கேள்வி பதில்

இசை விழாக்களின் டிக்கெட் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்திருக்கிறேன். விலை, தள்ளுபடி, மறுவிற்பனை, ரசிகர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதைப் பற்றிக் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்று இன்னும் சில தடவை சொல்வேன்: பணம் கட்டும் முன் கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள், 'விழா ரத்தானால்' என்ற பத்தியைப் படியுங்கள்.

முல்லை: அக்கா, யார் பாடப் போகிறார்கள் என்றே தெரியாத நேரத்தில் 'ஏர்லி பேர்ட்' என்று குறைந்த விலைக்கு விற்கிறார்களே, அது நிஜமான தள்ளுபடியா, விலையை ஏற்றி வைத்துவிட்டுக் குறைப்பதா?

இரண்டும் நடக்கிறது. எது எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

விழாவுக்கு ஆறேழு மாதம் இருக்கும்போதே அமைப்பாளர் காசை இறைக்க ஆரம்பித்துவிடுவார். முன்னணிக் கலைஞர்கள் சம்பளத்தில் பெரும் பங்கை, பல நேரம் பாதியை, முன்பணமாகக் கேட்பார்கள். மேடை, ஒலி, ஜெனரேட்டர், வேலி, கழிப்பறை, காப்பீடு என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் பெரிய வரவு என்றால் டிக்கெட்தான். ஆக, சீக்கிரம் வாங்குகிறவர் அமைப்பாளருக்குக் கடன் கொடுக்கிறார். யார் பாடுவார்கள், மழை கொட்டுமா, அந்த வாரம் விடுப்புக் கிடைக்குமா, எதுவும் அவருக்குத் தெரியாது. இத்தனையையும் சுமப்பதற்கான கூலிதான் தள்ளுபடி. அதனால் எந்தச் சலுகையைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்?

போலித் தள்ளுபடியைப் பிடிக்கப் போன வருட விலையை எடுத்துப் பாருங்கள். இந்த வருட ஏர்லி பேர்ட் விலையும் போன வருட சாதாரண விலையும் கிட்டத்தட்ட ஒன்று என்றால், 'முழு விலை' என்று கோடு போட்டு அடித்திருப்பது காட்சிக்குத்தான். அப்புறம், முதல் கட்டத்தில் எத்தனை டிக்கெட் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சிறு தொகுதியாக விட்டு 'முதல் கட்டம் தீர்ந்தது' என்று அறிவிப்பதே ஒரு விளம்பரம்.

தள்ளுபடியே தராமல் விற்கும் விழாவும் உண்டு. பிரிட்டனின் பெரிய இசை விழாவான கிளாஸ்டன்பரியில் 2025க்கான டிக்கெட் 373.50 பவுண்டு, அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்டு. 2024 நவம்பரில், கலைஞர் பட்டியல் வருவதற்கு வெகு முன்பே, அரை மணி நேரச் சொச்சத்தில் தீர்ந்துபோனது. வாங்கும்போது 75 பவுண்டு, மீதி ஏப்ரலில். அந்த விழாவின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கைதான் அங்கே விற்கிறது.

கடைசி வரிசை: பொறுத்திருந்தால் கடைசி வாரத்தில் விலை இறங்காதா?

அமைப்பாளர் வெளிப்படையாக இறக்க மாட்டார். இறக்கினால் முன்பே வாங்கியவர்கள் கொதித்துவிடுவார்கள், அடுத்த வருடம் ஒருவரும் முன்கூட்டி வாங்க மாட்டார்கள். விற்பனை மந்தமாக இருந்தால் 'நான்கு வாங்கினால் ஒன்று இலவசம்', ஸ்பான்சர் வழியாகச் சலுகைக் குறியீடு என்று பக்கவாட்டில்தான் குறைப்பார்கள். உண்மையில் விலை இறங்கும் இடம் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பக்கம். விழாவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, வர முடியாமல் போனவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளுவார்கள். தனியாகப் போகிறவருக்கு இது நல்ல வழி. ஐந்து பேர் கூட்டாகப் போவதென்றால் இதை நம்பாதீர்கள்.

பறவை: அடுத்த வருடம் எந்தப் பெரிய குழு வரும் மேடம்?

ஆரூடம் எனக்குத் தெரியாது.

நீலவானம்: டிக்கெட் விலை ஒன்று, கட்டணம் சேர்ந்தால் வேறொன்று. இந்தச் சேவைக் கட்டணமெல்லாம் யாருக்குப் போகிறது?

2023இல் 'தி க்யூர்' என்ற பிரிட்டிஷ் ராக் குழு தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் சில இடங்களுக்கு 20 டாலர் டிக்கெட் வைத்தது. ஒரு ரசிகர் நான்கு டிக்கெட் எடுத்த ரசீது அப்போது பரவலாகச் சுற்றியது. டிக்கெட்டுகள் 80 டாலர். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 11.65, அரங்கக் கட்டணம் 10, மொத்த ஆர்டருக்கு 5.50. கூட்டிப் பாருங்கள், கட்டணம் மட்டும் 92.10, டிக்கெட்டை விட அதிகம்! குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் பகிரங்கமாகச் சண்டை போட்ட பிறகு, டிக்கெட் விற்ற டிக்கெட் மாஸ்டர் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் 5 அல்லது 10 டாலர் திருப்பித் தந்தது.

இந்தக் கட்டணம் முழுவதும் டிக்கெட் நிறுவனத்துக்கே போவதில்லை. அரங்கத்துக்கும் சில நேரம் அமைப்பாளருக்கும் பங்கு உண்டு. திட்டு மட்டும் டிக்கெட் நிறுவனத்துக்கு விழும், பணம் பிரிந்துவிடும். அதனால்தான் இதை நீக்க யாரும் அவசரப்படுவதில்லை. அமெரிக்காவில் 2025 மே முதல், கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நீங்கள் எங்கிருந்து வாங்கினாலும் கடைசித் திரையின் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

கணக்கர்: ஒரு பொருளாதாரக் கேள்வி. நூறு இடம், ஐந்நூறு பேர் கேட்கிறார்கள். விலையைக் குறைத்து வைத்தால் அந்த வித்தியாசம் பிளாக்கில் விற்பவர் பைக்குத்தானே போகும்? தேவைக்கேற்ப விலை ஏறி, பணம் கலைஞருக்கே போகட்டுமே. ஏன் எல்லோரும் கோபப்படுகிறார்கள்?

பாதி சரி. டிக்கெட் கைமாற முடியும் என்றால்தான் வித்தியாசம் பிளாக்குக்குப் போகும். கிளாஸ்டன்பரியில் 2007 முதல் புகைப்படத்தோடு பதிவு செய்தவர்தான் வாங்க முடியும், டிக்கெட்டில் அவர் படம் இருக்கும், வேறொருவர் அதை வைத்து நுழைய முடியாது. வர முடியாதவர் திருப்பித் தந்தால் அது விழாவின் மறுவிற்பனையில் அதே விலைக்கு வரும். விலை குறைவாக இருந்தும் கசிவு இல்லை. ஓட்டை இருப்பது வாசலில். அதற்கு விலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோபத்துக்குக் காரணம் விலை உயர்வு மட்டும் இல்லை, அதைச் சொல்லாமல் செய்வது. 2024 ஆகஸ்ட் 31இல் நடந்த, ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டிக்கெட் விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். நின்று பார்க்கும் இடம் சுமார் 148 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்காக இணைய வரிசையில் காத்திருந்தார்கள். முறை வந்தபோது பலருக்குத் திரையில் 355 பவுண்டு. கணினி நிமிடத்துக்கு நிமிடம் விலையை ஏற்றியது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது வேறு: இரண்டு நிலையான விலைகள், மலிவானவை முதலில் விற்றுத் தீர்ந்தன, காத்திருந்தவர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. இப்படிப் படிநிலை விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே அறிவிப்பதாக டிக்கெட் மாஸ்டர் 2025 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது.

கணக்கர்: சொல்ல வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் வரிசையும் ஒரு விலைதான். நேரம் இருப்பவருக்குச் சலுகை. வேலை நேரத்தில் போனைத் தொடவே முடியாத தொழிலாளி ஐந்து மணி நேரம் எப்படிக் காத்திருப்பார்?

இது நியாயமான அடி. வரிசை எல்லோருக்கும் சமம் என்று நானும் சொல்ல மாட்டேன். அதனால்தான் குலுக்கலை ஆதரிக்கிறேன். சில நாள் பதிவுக்குத் திறந்து வைத்து, பிறகு குலுக்கினால் பணமும் செல்லாது, வேகமான இணையமும் செல்லாது.

முல்லை: குலுக்கலில் எனக்கு விழுந்து என் தோழிக்கு விழாவிட்டால்?

குழுவாகவே பதிவு செய்யலாம், விழுந்தால் எல்லோருக்கும்.

பறவை: அப்படியானால் ஒருவரே பத்துப் பெயரில் போடுவார்!

பெயரோடு அடையாள எண்ணையோ படத்தையோ இணைத்தால் முடியாது. தானியங்கி நிரல் வைத்து டிக்கெட்டை அள்ளுவதற்கு எதிராக அமெரிக்காவில் 2016இலேயே சட்டம் வந்தது, ஆனால் அள்ளுவது நிற்கவில்லை. நுழைவாயிலில் ஆளைச் சரிபார்க்காமல் சட்டத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான்.

கணக்கர்: குலுக்கலில் தோற்ற தீவிர ரசிகர், கூடப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தும் வெளியே நிற்பார். சும்மா பேரைப் போட்டுப் பார்த்தவர் உள்ளே இருப்பார்.

ஆமாம், அது நிஜமான இழப்பு. ஆனால் ஒரு விழாவில் கூட்டமும் நிகழ்ச்சியின் பாதி. முன்வரிசையில் கூடப் பாடுகிற, குதிக்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அனேகமாகப் பணம் குறைந்தவர்கள். அவர்களை விலையால் வெளியேற்றிவிட்டு மேடையை மட்டும் பெரிதாக்கினால், அதிக விலை கொடுத்து உள்ளே வந்தவருக்கே அந்த விழா பிடிக்காது. சரி, இதற்குள் நிறைய பேர் காத்திருக்கிறார்கள், போகலாம்.

தென்றல்: ஏர்லி பேர்ட் வாங்கலாமா, காத்திருக்கலாமா?

முதல் இரண்டு பதில்களிலும் இருக்கிறது.

மணல்வீடு: நான் மாணவன். தன்னார்வலராகப் போனால் டிக்கெட் இலவசமா?

பல விழாக்களில் கிடைக்கும் தம்பி. டென்மார்க்கின் ராஸ்கில்டா விழா லாப நோக்கற்றது, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. கிளாஸ்டன்பரியில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் வழியாகப் போனால் சுமார் எட்டு மணி நேர ஷிப்ட் மூன்று பார்க்க வேண்டும். முதலில் வைப்புத்தொகை கட்டி, வேலையை முடித்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உனக்குப் பிடித்த குழு பாடும் நேரத்தில் நீ வாகன நிறுத்தத்தில் நிற்க நேரலாம். அதற்குச் சம்மதம் என்றால் தாராளமாகப் போ.

நிலாப்பெண்: ஒருவர் டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். பணம் அனுப்பலாமா?

வேண்டாம். ஒரே ஸ்க்ரீன்ஷாட்டை இருபது பேருக்கு விற்கலாம், வாசலில் முதலில் ஸ்கேன் ஆகிறவர்தான் உள்ளே போவார். டிக்கெட் உங்கள் கணக்குக்கே மாற்றித் தரப்பட வேண்டும், அதுவும் விழா ஏற்கும் மறுவிற்பனைப் பக்கம் வழியாக மட்டும்.

குயில்: முன்பதிவுச் சலுகை எடுத்தால் லாபமா அக்கா?

முதல் பதில், குயில்.

கூடாரம்: விஐபி டிக்கெட் இரண்டு மடங்கு விலை. தகுமா?

தனிக் கழிப்பறை, நிழல், உட்கார இடம் இருந்தால் மூன்று நாள் விழாவில் தகும். 'சிறப்பு அனுபவம்' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். 2017இல் பஹாமாஸில் நடப்பதாக இருந்த ஃபயர் விழாவில் சொகுசு வில்லா என்று விற்றார்கள், போனவர்களுக்குக் கிடைத்தது நிவாரணக் கூடாரம். விழாவுக்குள் செலவழிக்க, மணிக்கட்டில் கட்டும் மின்னணுக் கைப்பட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றவும் சொன்னார்கள். நடத்தியவர் மோசடி வழக்கில் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். விழா நாளுக்கு முன் கைப்பட்டையில் பெருந்தொகை ஏற்றாதீர்கள்.

வெண்பா: ரத்தானால் பணம் தர மறுக்கிறார்கள், வழக்குப் போடலாமா?

நுகர்வோர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். விதிமுறைப் பக்கத்தை இன்றே சேமித்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள்.

ஏழிசை: நாங்கள் சிலர் சேர்ந்து சிறிய இரண்டு நாள் விழா நடத்தப் போகிறோம். எந்தச் சலுகைக்கு மக்கள் வருவார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். டிக்கெட்டை ஒரு தனி ஆள் வாங்குவது குறைவு. ஒவ்வொரு நட்புக் குழுவிலும் கூட்டிச் செல்கிற ஒருவர் இருப்பார், அவர் சம்மதித்தால் ஆறு டிக்கெட், தயங்கினால் பூஜ்யம். அவருடைய தலைவலி என்ன? மற்றவர்களிடம் காசு வசூலிப்பது. ஆகவே பத்து விழுக்காடு தள்ளுபடியைவிட, ஆளாளுக்குத் தனித்தனியாகத் தன் பங்கைக் கட்டும் வசதி அவருக்குப் பெரிது. தவணையும் அப்படித்தான். அமெரிக்காவின் கோச்செல்லா விழாவில் 2025இல் பொது நுழைவு டிக்கெட் வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தவணையில்தான் வாங்கினார்கள்.

ஒரு நாள் டிக்கெட்டை இரண்டு நாள் டிக்கெட்டின் பாதி விலைக்கு வைக்காதீர்கள். வைத்தால் எல்லோரும் பெரிய கலைஞர் பாடும் நாளை மட்டும் வாங்குவார்கள், மறுநாள் மைதானம் காலியாக இருக்கும். அறுபது எழுபது விழுக்காட்டில் வையுங்கள்.

முதல் தடவை வருகிறவர் கலைஞர் பெயரைப் பார்த்து வருவார். மறு தடவை வருவாரா என்பதைக் கழிப்பறை வரிசை, குடிநீர், இரவில் வீடு திரும்பும் வண்டி இவை முடிவு செய்யும். விற்பனைப் பக்கத்தில் இவற்றைத் தெளிவாக எழுதுங்கள். மாற்றுத்திறனாளி ரசிகரோடு வரும் உதவியாளருக்கு டிக்கெட் இலவசம் என்பதையும் அங்கேயே போடுங்கள், அவர்களாக மின்னஞ்சல் அனுப்பிக் கெஞ்ச வேண்டிய நிலையை வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு வயது வரம்பு போட்டு இலவசம் விடுங்கள், கிளாஸ்டன்பரி 12 வயது வரை இலவசமாக அனுமதிக்கிறது.

வேலிக்கும் காசு ஒதுக்குங்கள். 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் விழாவுக்கு முன்பதிவிலேயே மூன்று நாளுக்கு 18 டாலர் வீதம் சுமார் 1,86,000 டிக்கெட் விற்றது. ஆனால் வேலியும் டிக்கெட் சாவடியும் முடியாததால் கூட்டம் அப்படியே உள்ளே வந்தது. விழா இலவசம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று, அமைப்பாளர்களுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன்.

அப்புறம் ரீஃபண்ட். விழாவுக்கு முப்பது நாள் முன்பு வரை திருப்பித் தரலாம் என்று போட்டுப் பாருங்கள். கேட்டு வருகிறவர்கள் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்க மாட்டார்கள், தயங்கி நின்றவர்கள் அந்த ஒரு வரியைப் பார்த்து வாங்குவார்கள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், கலைஞர் முன்பணத்துக்கு அதிலிருந்து எடுக்காதீர்கள்.