ஏற்காட்டில் வாங்கிய குரோட்டன்ஸ் சேலம் வந்ததும் இலை கொட்டுகிறதே, ஏன்?

பெரும்பாலும் இடம் மாறிய அதிர்ச்சிதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், ஈரக்காற்று, மரநிழல். அங்கிருந்து நேராகச் சேலத்து மொட்டை மாடிக்கு வந்தால் இலையைக் கொட்டத்தான் செய்யும். உடனே தொட்டி மாற்றாதீர்கள், உரமும் வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மறுபடி துளிர்க்கும். (கசியும் பால் தோலில் பட்டால் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள்.)

காலை வெயில் பட்டு, மதியம் நிழல் விழும் இடம் நல்லது. முழு நிழலில் வைத்தால் சிவப்பும் மஞ்சளும் மங்கி வெறும் பச்சையாகிவிடும். அப்புறம் குரோட்டன்ஸ் எதற்கு? மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் விட்டால் போதும். கோடையில் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய வலை இருந்தால் சிலந்திப்பேன். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள்.