கார்னெட் இருந்தால் மட்டும் போதுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் (பித்தளை ஊதுவாத்தியக் குழுக்கள்) பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ட்ரம்பெட்டையும் பிரெஞ்சு ஹார்னையும் சேர்த்துக்கொள்ளாமல் அதே பழைய வாத்திய வரிசையோடுதான் இன்றும் போட்டிக்கு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது மரபைக் காப்பதா, வெறும் பிடிவாதமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

பிடிவாதம்தான், ஆனால் காரணமுள்ள பிடிவாதம். ட்ரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலம். இந்த பேண்டுகள் அதற்குப் பதிலாக வைத்திருக்கும், அதே போலத் தோன்றும் கார்னெட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும். அதனால் ஒலியில் கூர்மை குறையும். பேண்டின் மற்ற வாத்தியங்களான ஃப்ளூகல்ஹார்ன், டெனார் ஹார்ன், யூஃபோனியம் எல்லாம் இதே விரிகிற ஜாதி. இருபத்தைந்து பேர் ஊதியும் காதைக் குத்தாமல் ஒரே குரலாக எழுவது இதனால்தான். இன்னொன்று, பாஸ் ட்ராம்போன் (சறுக்குக்குழாயை இழுத்துத் தள்ளி ஊதும் வாத்தியம்) தவிர ஊதுகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிய இசைத்தாள். கார்னெட் பழகிய ஆலைத் தொழிலாளி தேவைப்பட்டால் மறுவாரமே யூஃபோனியத்துக்கு மாறலாம், விரலுக்குப் புதுப்பாடம் கிடையாது.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு என் மனக்குறையையும் சொல்கிறேன். அவர்கள் காப்பது பெயர்ப்பட்டியலை. ஒலி எப்போதோ மாறிவிட்டது.

1960களின் நடுப்பகுதி வரை இந்த பேண்டுகளின் சுருதி மற்றவர்களுடையதைவிட உயரம். சுருதி சேர்க்கும் ‘ஏ’ ஸ்வரத்துக்கு உலகம் நொடிக்கு 440 அதிர்வுகளுக்கு வந்த பிறகும் இவர்கள் 452 பக்கம் நின்றார்கள். இந்த வித்தியாசம், ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு (கறுப்பையும் சேர்த்து) நடுவே உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி. பூஸி அண்ட் ஹாக்ஸ் கம்பெனி அந்தச் சுருதியில் வாத்தியம் செய்வதை நிறுத்தியதும் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார்கள். ஜி ஸ்வரத்தில் அமைந்த பழைய பாஸ் ட்ராம்போனான ஜி ட்ராம்போனும் போயிற்று. அதன் சறுக்குக்குழாய் கைக்கு எட்டாத நீளம். கடைசி நிலைகளுக்குத் தள்ள தனியாக ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள். வறட்டுக் குரல், ஆனால் அடையாளமான குரல். அதன் இடத்துக்கு வந்தது அகலக் குழாய் ட்ராம்போன். யூஃபோனியமும் அப்படியே தடித்தது.

போட்டி விதி கார்னெட் என்கிறது, மவுத்பீஸைப் (வாய் வைத்து ஊதும் கிண்ணப் பகுதி) பற்றிப் பேசுவதில்லை. ஆழமான கிண்ணத்தைக் கழற்றிவிட்டு ட்ரம்பெட் மாதிரி ஆழம் குறைந்ததைச் செருகிப் பாருங்கள், கையில் இருப்பது கார்னெட், கேட்பது பாதி ட்ரம்பெட்.

இங்கிலாந்தின் பெயர்பெற்ற ஃபோடன்ஸ் பேண்டின் 1930களின் இசைத்தட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. மெலிந்த, நடுங்கும், பாட்டுக்காரக் குரல். அதே ஒலியோடு இன்று மேடையேறினால் நடுவர்கள் பரிசு தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.