புள்ளியாகத் தெரியும் வெடிப்பின் வடிவம்

அன்புள்ள ஐயா,

எஸ்என் 2024ஜிஜிஐ என்ற சூப்பர்நோவா ஆலிவ் காய் வடிவத்தில் வெடித்தது என்று ஒரு செய்தி படித்தேன். கூடவே அழகான வண்ணப்படமும் போட்டிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அது வெறும் ஒளிப்புள்ளிதான் என்று அதே செய்தியில் இருக்கிறது. புள்ளிக்கு ஏது வடிவம்? 'தளவிளைவுற்ற ஒளியை வைத்துக் கண்டுபிடித்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கற்பனைக்கு அறிவியல் முத்திரை குத்துகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. அப்படியே வடிவம் தெரிந்தாலும் அதனால் என்ன லாபம்? விளக்கமாக எழுதுவீர்களா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. அந்த வண்ணப்படம் ஓவியர் வரைந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில் அப்படிக் குறிப்பிட்டிருப்பார்கள், ஆனால் அதை யார் படிக்கிறார்கள்? படத்துக்கு மேலேயே பெரிதாகப் போட வேண்டும் என்பது என் கருத்து. மற்ற பாதி, அதாவது வெடிப்பு உருண்டையாக இல்லை என்ற முடிவு, அளந்து பார்த்துச் சொன்னது. அதை ஒரே வரியில் முடித்தது பெரிய அநியாயம், ஏனென்றால் வானியலில் எனக்கு மிகவும் பிடித்த உத்திகளில் இது ஒன்று.

முதலில் அது ஏன் புள்ளி என்பதைப் பார்த்துவிடலாம். அந்த சூப்பர்நோவா என்ஜிசி 3621 என்ற விண்மீன் மண்டலத்தில், சுமார் 2.2 கோடி ஒளியாண்டு தொலைவில் வெடித்தது. வெடித்த பொருள் நொடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் அது 86 கோடி கிலோமீட்டர் போயிருக்கும், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. இவ்வளவு பெரியது நம் கண்ணுக்கு எந்த அளவில் தெரியும்? ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் வருவது ஒரு ஆர்க் விநாடி. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் தெரியும். ஹப்பிள் தொலைநோக்கியால் பிரித்தறிய முடிவது ஒரு ஆர்க் விநாடியில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே படமெடுத்து வடிவம் பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் ஒளி, எங்கிருந்து வந்தது என்ற தகவலோடு, எந்தத் திசையில் அதிர்ந்துகொண்டு வந்தது என்ற தகவலையும் கொண்டுவருகிறது. புள்ளியாகச் சுருங்கினாலும் இந்த இரண்டாவது தகவல் அழிவதில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். போலராய்டு கண்ணாடி இருந்தால், சூரியன் அடிவானத்தில் இருக்கும் மாலை வேளையில் உச்சி வானத்தைப் பார்த்து, கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் நீலம் கருக்கும், இன்னும் கால் சுற்று திருப்பினால் வெளுக்கும். சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பி வரும்போது அதன் அதிர்வு ஒரே திசைக்கு ஒழுங்காகிவிடுகிறது. இதுதான் தளவிளைவு. சூரியனை ஒட்டிய வானத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, சூரியனிலிருந்து 90 பாகை தள்ளிப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

வெடிக்கும் விண்மீனில் காற்று மூலக்கூறுகளின் வேலையை எலக்ட்ரான்கள் செய்கின்றன. அங்கே இருக்கும் வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து கிடக்கின்றன. உள்ளே பிறக்கும் ஒளி இந்தத் தனி எலக்ட்ரான்களில் முட்டி முட்டித்தான் வெளியே வர முடியும். இப்போது நம் பக்கமாகத் தெரியும் அந்த ஒளிரும் வட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள். வட்டின் நடுவிலிருந்து வரும் ஒளி நேராக நம்மை நோக்கி வருகிறது, அதில் தளவிளைவு கிடையாது. விளிம்பிலிருந்து வருவது பக்கவாட்டில் திரும்பி வந்த ஒளி, அதனால் விளிம்பை ஒட்டிய திசையில் அதிர்கிறது. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கிடைமட்டம், இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் செங்குத்து. வட்டு முழு வட்டமாக இருந்தால் கிடைமட்டமும் செங்குத்தும் சரிக்குச் சரி, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். புள்ளியில் மிஞ்சுவது பூஜ்யம். வட்டு மேலும் கீழுமாக நீண்டிருந்தால் இட வல விளிம்புகள் நீளம், செங்குத்து அதிர்வு கொஞ்சம் மிஞ்சும். எவ்வளவு மிஞ்சியது என்பது எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும், எந்தத் திசையில் மிஞ்சியது என்பது எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடும். ஒரு சதவீதத் தளவிளைவு மிஞ்சினால், பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம் என்று எடுத்துக்கொண்டால், நீளமும் அகலமும் ஏறக்குறைய 1.2-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கின் வேர் சுப்ரமணியன் சந்திரசேகரிடம் இருக்கிறது. எலக்ட்ரான் சிதறல் மிகுந்த ஒரு விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளியில் 11.7 சதவீதம் வரை தளவிளைவு இருக்க வேண்டும் என்று 1946-இல் காட்டினார். ஆனால் விண்மீன் உருண்டை, எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமே, எப்படிச் சோதிப்பது? அதற்கும் ஒரு வழி இருந்தது. இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றொன்றை மறைக்கும் கிரகண நேரத்தில் பார்க்க வேண்டும், வட்டின் ஒரு பக்கம் மறைந்தால் சமன் குலையும், விளிம்பின் தளவிளைவு வெளியே தெரியும். அதைத் தேடித்தான் வில்லியம் ஹில்ட்னரும் ஜான் ஹாலும் கிளம்பினார்கள். டெக்சாஸிலுள்ள மெக்டொனால்டு வானாய்வகத்தில் தொடங்கிய அந்த வேலையில் அவர்களுக்குக் கிடைத்தது வேறு ஒன்று. கிரகணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத ஒரு தளவிளைவு! அது விண்மீனுடையது இல்லை, வழியில் இருக்கும் தூசியுடையது. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் நீளமான தூசித் துகள்கள் காந்தப்புலத்தால் ஒரே வாக்கில் திரும்பி நின்று, கடந்து போகும் ஒளியை வடிகட்டுகின்றன. 1949-இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். சந்திரசேகர் சொன்ன விளிம்பு விளைவு பின்னால் 1983-இல் அல்கால் என்ற இரட்டை விண்மீனில் ஜேம்ஸ் கெம்ப்பின் குழுவுக்குக் கிடைத்தது.

இந்தக் கிரகண யோசனையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சூப்பர்நோவாவுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று ஷாபிரோவும் சதர்லேண்டும் 1982-இல் எழுதினார்கள். ஐந்தே வருடத்தில் எஸ்என் 1987ஏ பக்கத்திலேயே வெடித்தது, உண்மையிலேயே தளவிளைவும் இருந்தது. ஆனால் ஒன்றிரண்டை வைத்து என்ன சொல்ல முடியும்? 1990-களின் நடுவில் லிஃபான் வாங்கும் கிரெய்க் வீலரும் அதே மெக்டொனால்டு ஆய்வகத்தில் கைக்குச் சிக்கிய சூப்பர்நோவாக்களை எல்லாம் அளக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. பெரிய விண்மீன்களின் கரு இடிந்து விழுந்து ஏற்படும் வெடிப்புகளில் தளவிளைவு பொதுவாக ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வெள்ளைக் குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், வெடிக்கும் 1ஏ வகையில் மிகக் குறைவு, பெரும்பாலும் 0.3 சதவீதத்துக்குக் கீழே.

ஒரு சதவீதம் என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். 0.1 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் நிறமாலையின், அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியின், ஒவ்வொரு துண்டிலும் பத்து லட்சம் ஃபோட்டான்கள் சேர வேண்டும். அதனால்தான் பெரிய தொலைநோக்கிகள் வேண்டியிருக்கின்றன. சிலி நாட்டின் பரனால் மலையில் 8.2 மீட்டர் விஎல்டி தொலைநோக்கியில் இருக்கும் ஃபோர்ஸ்2 கருவி இந்த வேலையைச் செய்கிறது. உள்ளே ஒரு படிகப் பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது, ஒன்றில் ஒரு திசை அதிர்வு, மற்றதில் அதற்குச் செங்குத்தானது. இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து ஒப்பிடுவதால் மேகம் குறுக்கே வந்தாலும் இரண்டும் சேர்ந்தே மங்கும், விகிதம் கெடாது. பட்டகத்துக்கு முன்னால் ஒரு தகட்டை 0, 22.5, 45, 67.5 பாகை என்று திருப்பித் திருப்பி நான்கு முறை எடுக்கிறார்கள். 45 பாகை திருப்பினால் இரண்டு கதிர்களும் இடம் மாறிக்கொள்கின்றன, கருவியின் சொந்தக் குறை அதில் கழிந்துவிடும். அப்புறம் ஹில்ட்னரும் ஹாலும் கண்ட தூசியையும் கழிக்க வேண்டும். வெடிப்பு நாளுக்கு நாள் மாறும், தூசி மாறாது, அது ஒரு பிடி. கழிப்பதில் தவறினால் முடிவும் தவறும் என்பதால் இந்தத் துறை ஆட்கள் அதிகம் சண்டை போடுவது இந்த இடத்தில்தான்.

சரி, அடுத்து நீங்கள் கேட்ட லாபம். வெடிப்பு விரிய விரிய அடர்த்தி குறைந்து, நம்மால் இன்னும் ஆழமாகப் பார்க்க முடிகிறது. முதல் நாள் மேல்தோல், சில வாரங்களில் நடு, சில மாதங்களில் கரு. ஆக நாள்தோறும் அளந்தால் வெடிப்பை வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காக உரித்துப் பார்த்ததாகிவிடும். என்ஜிசி 2403 மண்டலத்தில் வெடித்த எஸ்என் 2004டிஜே-யில் இது பளிச்சென்று தெரிந்தது. கனத்த ஹைட்ரஜன் போர்வை மூடியிருந்த வரை தளவிளைவு அநேகமாக இல்லை. சுமார் மூன்று மாதத்தில் போர்வை விலகி உள்பகுதி தெரிந்த உடனே தளவிளைவு அரை சதவீதத்துக்கு மேல் தாவியது. டக்ளஸ் லெனார்டின் குழு 2006-இல் இதை வெளியிட்டது. உள்ளே கோணலாக வெடித்திருக்கிறது, மேலே இருந்த ஹைட்ரஜன் அந்தக் கோணலை மறைத்திருக்கிறது. கரு இடியும்போது அதிர்ச்சி அலை எல்லாப் பக்கமும் சமமாகக் கிளம்பவில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கடினம். நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பின்னாலிருந்து தள்ளுகின்றனவா, சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்து தாரையாகப் பீய்ச்சுகின்றனவா என்று கணினியில் போட்டுப் பார்ப்பவர்கள் எல்லாரும் இந்தக் கோணலை விளக்கியே ஆக வேண்டும். உருண்டையாக மட்டும் வெடிக்கும் கோட்பாடுகளுக்கு இனி இடமில்லை.

உங்கள் 2024ஜிஜிஐ-யின் சிறப்பு அது எவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது என்பதில் இருக்கிறது. 2024 ஏப்ரல் 10 அன்று கண்டுபிடிக்கப்பட்டது, 26 மணி நேரத்தில் விஎல்டி அதை நோக்கித் திரும்பிவிட்டது. யி யாங் தலைமையிலான குழு அவசர அவசரமாக விண்ணப்பித்து வாங்கிய நேரம் அது. சூரியனைப் போல 12 முதல் 15 மடங்கு நிறையும் சுமார் 500 மடங்கு ஆரமும் கொண்ட சிவப்பு மீப்பெரு விண்மீன்தான் அங்கே வெடித்தது. அதிர்ச்சி அலை அந்த விண்மீனின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த நேரத்து வடிவம் அந்த முதல் அளவீட்டில் சிக்கியது, நீண்ட வடிவம். அடுத்து வந்த நாட்களில் சுற்றியிருந்த வாயுவில் மோதி வடிவம் தட்டையாகியிருக்கிறது, ஆனால் சமச்சீர் அச்சு திசை மாறவில்லை. வடிவத்தைவிட இந்த மாறாத அச்சு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆரம்பத்திலிருந்தே வெடிப்புக்கு ஒரு திசை இருந்திருக்கிறது என்றல்லவா அர்த்தம்? 2025 நவம்பரில் வந்த கட்டுரையின் முக்கியச் செய்தியே அதுதான், ஆலிவ் காய் தலைப்புக்குப் பயன்பட்டது, அவ்வளவே.

இப்போது அந்தக் கிரகணம். 1ஏ வகை வெடிப்பில் மொத்த ஒளியில் தளவிளைவு மிகக் குறைவு என்றேன். ஆனால் நிறமாலையில் சிலிக்கான், கால்சியம் கோடுகள் இருக்கும் இடங்களில் மட்டும் தளவிளைவு திடீரென்று எழும்பும். எஸ்என் 2001இஎல்-இல் மொத்த ஒளியில் 0.2, 0.3 சதவீதம்தான், அதிவேகக் கால்சியத்தின் கோட்டில் சுமார் 0.7. காரணம் சந்திரசேகரின் விண்மீனில் நடப்பதேதான். ஒளிரும் வட்டுக்கு முன்னால் கால்சியம் ஒரு திட்டாக நின்று, தனக்குரிய நிறத்தில் மட்டும் வட்டின் ஒரு பகுதியை மறைக்கிறது. அந்த நிறத்தில் சமன் குலைகிறது, மறையாத விளிம்பின் தளவிளைவு மிஞ்சுகிறது. பக்கத்து நிறத்தில் மறைப்பே இல்லை, அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. அதாவது ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனியாக, அது வெடிப்பில் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று ஒரு வரைபடமே போடலாம். புள்ளி என்று நீங்கள் சொன்னீர்களே, அதற்குள்ளே இவ்வளவு இருக்கிறது.

இந்த 1ஏ வகையில் கதை தலைகீழ் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே திட்டுத் திட்டாக இருக்கும், உள்ளே போகப் போக உருண்டையாகிறது. 2001இஎல்-இல் உச்ச ஒளிக்குப் பிறகு தளவிளைவு மங்கிப்போனது. பிரபஞ்சத்தின் தூரங்களை அளக்க இந்த வகையைத்தான் நம்புகிறோம், பிரபஞ்ச விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் கண்டதும் இவற்றை வைத்துத்தான். ஒட்டுமொத்தத்தில் உருண்டை என்றால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். அந்த நம்பிக்கைக்கு இந்த அளவீடு ஒரு தூண்.

இந்த முறையால் முடியாததும் உண்டு. நீண்ட வெடிப்பை அதன் முனைப்பக்கமாக நேராகப் பார்த்தால் வட்டமாகத்தான் தெரியும், தளவிளைவு பூஜ்யம். ஒரு சதவீதம் கிடைத்தால், குறைவாக நீண்டதைப் பக்கவாட்டில் பார்க்கிறோமா, அதிகமாக நீண்டதைச் சாய்வாகப் பார்க்கிறோமா என்று அந்த ஒரு எண்ணால் சொல்ல முடியாது. ஆகவே கிடைப்பது 'குறைந்தபட்சம் இவ்வளவாவது கோணல்' என்ற விடைதான். பல சூப்பர்நோவாக்களைச் சேர்த்துப் பார்த்தும், ஒரே வெடிப்பைப் பல நாள் பின்தொடர்ந்தும், நிறமாலைக் கோடுகளின் வடிவத்தோடு ஒப்பிட்டும்தான் மேற்கொண்டு போகிறார்கள். அபூர்வமாக எண்ணே பேசிவிடும். 2018-இல் வெடித்த 'கவ்' என்ற விசித்திர நிகழ்வில் தளவிளைவு ஒரு கட்டத்தில் 7 சதவீதத்தைத் தொட்டது. அவ்வளவு வர வேண்டுமென்றால் ஏறக்குறைய தட்டாகவே விரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் படத்தை விட்டுவிட்டு மூலக் கட்டுரையில் க்யூ-யூ வரைபடம் என்று ஒன்று இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். இரண்டு அச்சுகள், நடுவே சிதறிய புள்ளிகள், பார்க்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு புள்ளியும் நிறமாலையின் ஒரு துண்டில் கிடைத்த தளவிளைவு, அவை ஒரே நேர்கோட்டில் விழுந்தால் வெடிப்புக்கு ஒரே அச்சு. ஒரு தனிமத்தின் கோட்டைக் கடக்கும்போது புள்ளிகள் வளைந்து ஒரு கண்ணி போட்டால், அந்தத் தனிமம் அச்சை விட்டு விலகி வேறு பக்கம் குவிந்திருக்கிறது. தூசியைக் கழிக்கும்போது புள்ளிகள் அத்தனையும் மொத்தமாக இடம் பெயருமே தவிர, கண்ணி அப்படியே கண்ணியாகத்தான் இருக்கும். ஓவியரின் படம் வேண்டாம் என்கிறவருக்கு அதுதான் அசல் படம்.

அன்புடன்.