ஒட்டுக்கேட்க யாருக்கு அதிகாரம்? காரைக்குடி வழக்கறிஞர் பதில்கள்

தேவகோட்டை வாசகர்: ஐயாவின் பெட்டகத்தில் 1941இல் பினாங்கிலிருந்து வந்த கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்துத் தணிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். இன்றும் அப்படிப் பிரிக்கலாமா அண்ணா?

பதில்: பிரிக்கலாம் தம்பி. உங்களுக்குக் கிடைத்த கடிதத்தில் நடந்தது போர்க்காலத் தணிக்கை. அங்கே கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போனவர்களின் கடிதங்கள் பலவற்றுக்கும் அதே கதிதான். சீட்டு இருந்ததால் பிரித்தது வீட்டாருக்குத் தெரிந்தது. 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இடைமறிக்க அனுமதிக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி: தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் யாருடைய போனையும் கேட்கலாமா?

பதில்: கூடாது ஆச்சி. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கான தேவையோ இருந்தால்தான் கேட்கலாம் என்று வெள்ளைக்காரன் போட்ட 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமே சொன்னது. அதற்கு உள்துறைச் செயலரின் உத்தரவு வேண்டும், இரண்டு மாதத்தில் அது காலாவதியாகும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தொலைத்தொடர்பை இடைமறிப்பதற்கான 2024 விதிகளிலும் 60 நாள், 180 நாள் என்ற வரம்பு உண்டு.

இவை ஏட்டுச்சுரைக்காய் அல்ல. லஞ்ச வழக்கு ஒன்றில் மத்திய உள்துறை 2011இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. சாதாரணக் குற்றத்தைத் துப்பறிவது பொது அவசரநிலை ஆகாது என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். பதிவான உரையாடல்களை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவே இல்லை. அவற்றைப் பயன்படுத்தவும் தடை விழுந்தது. நம் மாநிலத்தில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

கானாடுகாத்தான் மாணவி: வாட்ஸ்அப் பாதுகாப்பானதா அண்ணா?

பதில்: செய்தி போகும் வழியில் பூட்டியிருக்கும் அம்மா. போனுக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்தால் பூட்டினால் பயனில்லை. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றக் குழு ஆராய்ந்த 29 போன்களில் 5இல் தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்பது உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு சொன்னது.

காரைக்குடி வாசகர்: என் போனைக் கேட்டார்களா என்று எப்படி அறிவது?

பதில்: உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இல்லை. உத்தரவிடுபவர் செயலர், மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்களும் செயலர்களே. நீதிபதி ஒருவரும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவுகளை அழிக்கவும் விதி இருக்கிறது. உத்தரவுக்கு முன்பே ஒரு நீதிபதி பார்க்க வேண்டும், விசாரணை முடிந்தபின் உரியவருக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.