நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு: கிணற்று நீர் கெடுமா?

"வண்டிப் புகை காற்றைத்தானே கெடுக்கும், கிணற்றுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணுக்கும் நீருக்கும் புகையைவிடத் தேய்மானம்தான் பெரிய தொல்லை. டயரிலிருந்து துத்தநாகம், பிரேக்கிலிருந்து செம்பு, என்ஜினிலிருந்து சொட்டும் எண்ணெய் எல்லாம் தார் மேல் படிகின்றன. கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் சாலையோரத் தேக்கத்தைப் பாருங்கள். அடியில் கறுப்புக் கசடு, மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம்.

உலோகங்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். சாலையை விட்டுத் தள்ளிப் போகப் போகக் குறையும். அதனால் சாலையை ஒட்டிக் கீரை போடாதீர்கள். மணற்பாங்கான நிலம், நீர்மட்டமும் மேலே என்றால் அழுக்கு கிணறுவரை இறங்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் சியாட்டில் பகுதி ஓடைகளில் மழை பெய்தாலே கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோன் வாயு பட்டு நஞ்சாக மாறுவதே காரணம் என்று 2020-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதே சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த படுகையில் வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்தன. எனக்குப் பெரிய நம்பிக்கை தந்த செய்தி இது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மழைநீர்க் குழிக்குக் கூரை நீரை மட்டும் விடுங்கள், சாலை நீரை நேரே விடவே வேண்டாம். சாலைக்கும் கிணற்றுக்கும் நடுவே அடர்த்தியாகப் புல் வளருங்கள். அப்புறம், வண்டிக்கு ஆயில் மாற்றினால் பழையதை மண்ணில் கொட்டாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.