புகை எங்கே?

கேள்வி: ஃப்யூமே ப்ளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் பரிசாக வந்தது. ‘ஃப்யூமே’ என்றால் பிரெஞ்சில் ‘புகை போட்டது’ என்று அர்த்தமாம். எத்தனை முறை முகர்ந்தும் புகையே வரவில்லை. போலியா? இதை எப்படித்தான் ரசிப்பது?

பதில்: திறந்ததும் குப்பென்று அடிக்க அது என்ன மூட்டம் போட்ட வாழைத்தாரா? குதிரைவாலிச் சோற்றில் வாலைத் தேடுவீர்களா? தேடுவீர்கள் போலிருக்கிறது. நல்லவேளை, யானைநெருஞ்சில் கஷாயத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் புயி-ஃப்யூமே என்று ஒரு வட்டாரம், சோவின்யோன் ப்ளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினுக்குப் பேர்போனது. பழத்தின் மேல் படியும் சாம்பல் பூச்சால் வந்த பெயர் என்று ஒரு கட்சி. சிக்கிமுக்கிக் கல் உரசிய வாடையால் என்று இன்னொரு கட்சி. கலிஃபோர்னியாவில் அதே சோவின்யோன் ப்ளாங்க் விலைபோகாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. 1968 வாக்கில் அங்குள்ள நாபா பள்ளத்தாக்கின் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் மொண்டாவி அந்தப் பெயரைப் புரட்டிப் போட்டு, ‘ஃப்யூமே ப்ளாங்க்’ என்று விற்றார். விற்றது. அவர் ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைத்தார் என்பதற்காக எல்லாரும் வைக்க வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அது சோவின்யோன் ப்ளாங்க்கின் மறுபெயர், அவ்வளவே. பின்பக்க லேபிளில் பீப்பாய் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள்.

நிஜ நெருப்பு பீப்பாய் செய்கிற இடத்தில் இருக்கிறது. பலகையை வளைக்க உள்ளே தீ மூட்டுவார்கள். உள்சுவர் எவ்வளவு வாடியது என்பதைப் பொறுத்து வெனிலா, கிராம்பு, வறுத்த பாதாம், கொஞ்சம் புகை. சாறு பீப்பாயிலேயே நொதித்தால் மரம் அடக்கி வாசிக்கும். ஈஸ்ட் வெனிலா மணத்தில் ஒரு பங்கை மாற்றிவிடும், அடிமண்டி துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். எஃகுத் தொட்டியில் நொதித்து முடிந்ததைப் புதுப் பீப்பாயில் ஊற்றினால்தான் மரக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

உங்கள் மூக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஃப்ரிட்ஜைச் சந்தேகிக்கிறேன். (எதற்கெடுத்தாலும் ஃப்ரிட்ஜா என்று கேட்பவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.) 4, 5 டிகிரியில் மணமெல்லாம் உறங்கிக் கிடக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடம் வெளியே வையுங்கள். 11, 12 டிகிரி போதும். வயிறு அகன்ற கிளாஸில் கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள், பிறகு சுழற்றி ஒரு முறை. முதலில் பம்ளிமாஸ், பச்சைக் குடமிளகாய், பின்னால் வெனிலா. தீக்குச்சி உரசிய வாடையா? கந்தகம், பத்து நிமிடம் காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க் கெட்டது, காற்றாட விட்டும் பயனில்லை. அடிபட்ட ஆப்பிள் வாடையும் பழுப்பு நிறமும் சேர்ந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது.

ஒரு வாய் உறிஞ்சி, மெல்ல விழுங்கிவிட்டுக் காத்திருங்கள். மரத்தின் ருசி போன பிறகும் புளிப்பும் பழமும் நாக்கில் நின்றால் நல்ல சரக்கு. பழம் ஓடிப்போய்ப் பலகையின் கசப்பு மட்டும் மிஞ்சினால் காசு பீப்பாய்க்குப் போயிருக்கிறது. வெண்ணெயில் வாட்டிய மீன் பக்கத்தில் இருக்கட்டும்.

ஐஸ் கட்டி போடலாமா என்று மூன்றாவது முறையாக எழுதப்போகும் அன்பர், ரசத்தில் போட்டுக் குடித்துவிட்டு எழுதவும்.